பேக்கன் மொறுகும் வரை

கத்தரிக்கோலைப் பாக்கெட்டின் ஓரத்தில் வைத்துவிட்டேன், வெட்டத்தான் கை வரவில்லை. கொத்தமல்லி நறுக்குகிற கத்தரிக்கோல், இதை இனிமேல் தனியாக வைத்துவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு, தனியாக வைத்து என்ன செய்யப் போகிறேன், இது என் வீடா, சங்கரி வீடு, அவளுடைய கத்தரிக்கோல், இதாலேயே இந்த மாதிரிப் பாக்கெட்டை எத்தனை தடவை வெட்டியிருப்பாளோ, அதே கத்தரிக்கோலைத்தான் கழுவிக் கழுவி நான் இத்தனை நாள் புழங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. கண்ணாடித் தாளுக்குக் கீழே அது தெரிகிறது, பட்டை பட்டையாக, சிவப்பும் வெள்ளையுமாக. பன்றி. மனசுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன். தென்காசியில் என் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். சாத்துகிற சத்தம் அவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் வேகமாகவே சாத்துவேன். அந்த ஆவுடை இந்தப் பனி ஊரில், வினிப்பெக் என்று வாயில் நுழைய ஒரு வாரம் ஆன ஊரில், மகள் வீட்டு அடுப்படியில் பன்றிக்கறிப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வெட்டு. வெட்டிவிட்டேன். தண்ணீர் மாதிரி என்னவோ விரலில் பட்டது, குளிர்ச்சி, அவ்வளவுதான். குளிர்ச்சி தவிர ஒன்றும் இல்லை.

காலையில் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. "அம்மா, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது" என்றாள், சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. கோபமா, எனக்கா. கேளும்மா, என்ன வேணும்னாலும் கேளு என்றேன், நாக்கு குழறியது, எங்கே நான் குழறுகிற நேரத்தில் அவள் மனசு மாறி வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். "பேக்கன் சாப்பிடணும் போல இருக்கு." அந்தச் சொல் எனக்குத் தெரியும். வந்த முதல் வாரமே குளிர்பெட்டியில் கேரட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன், படம் போட்டிருந்தது, என்ன என்று புரிந்தது, ஒன்றும் கேட்காமல் என் தயிர்ச் சட்டியை மேல் தட்டுக்கு மாற்றிக்கொண்டேன். நான் மாற்றியதை அவளும் பார்த்தாள். மறுநாள் பாக்கெட் மேலே ஐஸ் பெட்டிக்குப் போய்விட்டது. பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைக்கட்டுமா, ரெண்டு வாய் சோறு பிசைந்து தரட்டுமா என்று இன்றைக்கும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "நீ செய்யுததெல்லாம் பால் ஊறுததுக்குச் செய்யுத சாப்பாடும்மா. வாயில வச்சா அந்த நெனப்புத்தான் வருது" என்றாள். நியாயம்தான். பூண்டு, சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய், எல்லாம் அதற்கென்றே இடித்து, சலித்து, டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு வந்தது, ஏர்போர்ட்டில் பிரித்து மோந்து பார்த்தார்கள், மருந்து, மகள் பிள்ளை பெறப் போகிறாள் என்று தமிழிலேயே சொன்னேன், வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன், அந்தப் பொம்பளை சிரித்து, போ என்றாள். பிள்ளை இல்லாத பிரசவத்துக்கு என்ன சாப்பாடு போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஏளா, இந்தத் தட்டுலயா வைக்கணும்?" என்று இங்கிருந்தே கேட்கிறேன். கூடத்திலிருந்து குரல் வருகிறது, மெதுவாக, ஆனால் வருகிறது. "அந்தப் பெரிய தட்டுதான். அடியில வெள்ளித்தாள் விரிச்சுக்கோ. ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கணும்." எண்ணெய் எவ்வளவு ஊற்ற என்றேன். "ஊத்த வேண்டாம்மா. அதுலயே வரும்." அதிலேயே வரும். தன் கொழுப்பிலேயே தான் வேகுமாம். ஒவ்வொரு பட்டையாகப் பிரித்து வைக்கிறேன், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது, இழுத்தால் நீளுகிறது, பதமாக நகத்தால் தூக்கிப் பிரிக்க வேண்டியிருக்கிறது, சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு, கோயில் மதில் மாதிரி என்று நினைத்துவிட்டேன், சிவ சிவா, எதை எதோடு சேர்க்கிறேன், ஆனால் நினைத்தது நினைத்ததுதான், இனி காசி விசுவநாதர் கோயில் மதிலைப் பார்க்கும்போது இந்தத் தட்டுதான் ஞாபகம் வரப்போகிறது. ஊரில் சங்கரி அப்பா, அவுகளுக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவாக. தினமும் போனில் ஒரே கேள்வி, சாப்பிட்டாளா. நேற்றும் கேட்டாக. டீ குடிச்சா என்றேன். "டீ ஒரு சாப்பாடா ஆவுடை" என்றாக, போனுக்குள்ளே அங்கே காக்கா கத்துவது கேட்டது. இங்கே காக்காகூட இல்லை. இன்றைக்குச் சாப்பிட்டாள் என்று சொல்லலாம். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லவும் செய்வேன், எனக்கென்ன பயம். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள், இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் மறுபடியும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாள். மறுபடியும் அந்த இடத்துக்கு, மறுபடியும் அந்த மாடிக்கு, பக்கத்து அறையில் எல்லாம் பிள்ளை அழுகிற அந்த மாடிக்கு. மாட்டேன். எங்கள் அறையில் மட்டும் சத்தமே இல்லை, அந்தத் துணியை விலக்கிப் பிள்ளையை என் கையில் கொடுத்தபோதும், நான் குனிந்து பார்த்தபோதும், பார்த்தபோது.

"அடுப்பு எம்புட்டுல வைக்க?"

"நானூறு."

"நானூறா? வீடு பத்திக்கிடாதா?"

"இது இந்த ஊரு கணக்கும்மா, நம்ம ஊருல இருநூறுதான். பயப்படாத. நடுத்தட்டுல வையி."

பயப்படாதே என்கிறாள், எனக்கு. கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது, தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கிறேன். பதினெட்டு, இருபது நிமிஷம் ஆகும், கடைசியில் பக்கத்திலேயே நின்று பார்க்கணும், இல்லாவிட்டால் கரிந்துவிடும் என்றாள். வேறு எங்கே போகப் போகிறேன். அடுப்புக்குள் ஒரு விளக்கு எரிகிறது, ஊரில் சமையல் என்றால் மூடியைத் திறந்து கரண்டியை விட்டுக் கிளறி, உப்புப் பார்த்து, தீயைத் தணித்து, நம் கை அதில் இருந்துகொண்டே இருக்கும், இங்கே வைத்துவிட்டு வெளியே நின்று பார்ப்பதுதான், உள்ளே நடப்பது நடக்கும். வயிற்றுக்குள் இருக்கிற மாதிரி. அந்தப் பக்கம் போகாதே. ஜன்னலுக்கு வெளியே பனி, தெருவின் ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வெயில் அடிக்கிறது, அடித்து என்ன, சூடே இல்லாத வெயில், வெளிச்சம் மட்டும். நானும் மருமகன் பெனட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போன அன்றைக்கும் இதே வெயில்தான். சங்கரி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். பிள்ளைகளுக்கென்றே ஒரு ஓரம், சின்னச் சின்னக் கற்கள், குழி தோண்டுகிறவர்கள் தரைக்கு ஏன் இப்படிச் சூடு காட்டுகிறார்கள் என்று நான் கேட்டேன், தரை முழுக்க உறைந்து கிடக்கிறது அத்தை, இளக்கினாத்தான் தோண்ட முடியும் என்றான். கம்பளி மாதிரி எதையோ போர்த்தி, மண்ணுக்குச் சூடு கொடுத்து, இளக வைத்து. மண்ணை இளக்கிவிட்டார்கள், நான் மண்ணுக்குள்ளே பிள்ளைக்கு இன்னும் குளிருமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவுகளுடைய பழைய வேட்டியைக் கிழித்து நான் கொண்டுவந்திருந்தேன், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, பிள்ளைக்கு இடுப்புத் துணிக்கு ஆகும் என்று, அதில் ரெண்டு மூன்றை எடுத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த போர்வைக்குள் சுற்றினேன், இன்னும் ஒன்று சுற்றட்டுமா என்று பெனட்டைக் கேட்டேன், அவன் காருக்குப் போய்விட்டான். நல்ல பையன். தூத்துக்குடிப் பையன், கிறிஸ்தவன், கல்யாணத்தின்போது நான் அழுத அழுகைக்கு இப்போது வெட்கப்படுகிறேன். கார் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவன் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கும் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான், சனிக்கிழமை லீவுதான், போய்விட்டான். அவனும் பார்த்தான். நானும் பார்த்தேன். ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உப்பை நகர்த்துங்கள் அத்தை, இந்தாங்க தம்பி என்று பேசிக்கொள்கிறோம், பார்த்ததைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை, பெற்றவள் பார்க்காததை நாங்கள் எப்படிப் பேசுவது.

அவள் பார்க்க மாட்டேன் என்றாள். வேண்டாம், வேண்டாம், கொண்டு போயிருங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வருத்தப்படுவீர்கள் என்று அந்த நர்ஸ் ரெண்டு தடவை சொன்னாள். நானும் வற்புறுத்தவில்லை. எது நல்லது என்று யாருக்குத் தெரியும். அதனால் அந்த முகம் என்னிடம் இருக்கிறது. அதை நான் எங்கே வைப்பேன். டப்பாவில் போட்டு மூட முடியுமா. பல் தேய்க்கும்போது வருகிறது, அரிசி களையும்போது தண்ணீருக்குள் வருகிறது, என்னிடம் கொடுத்து வைத்த பொருள் மாதிரி இருக்கிறது, உடையவள் கேட்டு வருகிறவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நாளாக ஆக அழிந்துவிடுமோ என்று ஒரு பயம், இந்த வயதில் என் ஞாபகத்தை நம்பலாமா, அடுப்பை அணைத்தோமா என்பதே மறந்துபோகிறது. கேட்காமலே இருந்துவிட்டால்? நான் ஊருக்குப் போய், செத்தும் போய், அந்த முகமும் என்னோடு போய்விட்டால்? கேட்டுவிட்டால்? கேட்டால் வாய் வருமா. மாத்திரை டப்பாவைக் குளியலறையிலிருந்து எடுத்து என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். படுக்கும்போது அவள் அறைக் கதவைச் சாத்தாதே என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன், மூச்சுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே.

உள்ளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. முதலில் மழை தூறுகிற மாதிரி, அப்புறம் சடசடவென்று. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கிறேன், வெள்ளையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி உருகிக்கொண்டிருக்கிறது, பட்டைகள் ஓரம் சுருண்டு நெளிகின்றன, தட்டில் எண்ணெய் தேங்கி நிற்கிறது, அதில் குமிழ் குமிழாக. சங்கரிக்குப் பால் வந்துவிட்டது, அதுதான் பெரிய கொடுமை. பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டை நனைந்து எழுந்தாள், குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊர் என்றால் மல்லிகைப் பூ கட்டுவோம், மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும், இங்கே மல்லிகைக்கு எங்கே போக, நர்ஸ் முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு இலையாக உரித்து, நடு நரம்பைச் சீவி, குழந்தையை வைக்க வேண்டிய இடத்தில் கோஸ் இலையை வைத்துத் துணியால் கட்டினேன், நான் கட்டக் கட்ட அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இலை சூட்டில் வாடி வாடி வெந்த வாசம் அடித்தது, மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். இப்போது வற்றிவிட்டது. வற்றியதும் நிம்மதி என்று சொல்ல வேண்டும், அன்றைக்கு ராத்திரி நான் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், அந்தப் பிள்ளைக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வாசம் வருகிறது. குமட்டும் என்று முந்தானையை மூக்கில் வைக்கத் தயாராகத்தான் நின்றேன். குமட்டவில்லை. விறகுப் புகை, உப்பு, கொஞ்சம் வெல்லம் கருகுகிற மாதிரி. இதைப் போய் யாரிடம் சொல்ல, என் நாக்கடியில் தண்ணீர் ஊறுகிறது, ஊறட்டும், உடம்புக்கு எதுதான் தெரிகிறது. படிக்க வந்த முதல் பனிக்காலத்தில் காலை நேரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இவள் வேலை பார்த்தாளாம், இருட்டோடு எழுந்து பஸ் பிடித்துப் போக வேண்டுமாம், அங்கே சமைக்கிற பொம்பளை தட்டில் உடைந்து கிடக்கிற துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி இவள் கையில் கொடுப்பாளாம், சூடாக இருக்கும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே வாங்குவேம்மா, அப்புறம்தான் தின்னப் பழகினேன் என்று இன்றைக்குக் காலையில்தான் சொன்னாள். அந்த நாட்களில் போனில் என்ன சாப்பிட்டே என்றால் சாம்பார் சாதம் என்பாள். நானும் நம்புவேன். யாரோ ஒருத்தி என் பிள்ளைக்குச் சூடாக ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள், பேர்கூடத் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

புகை லேசாக வருகிறது, கூரையில் இருக்கிற அந்த மணி கத்திவிடுமோ என்று துண்டை எடுத்து விசிறுகிறேன். கதவைத் திறந்து துணியைப் பிடித்துக்கொண்டு தட்டை இழுக்கிறேன், எண்ணெய் அலைபாய்கிறது, மெதுவாக, மெதுவாக, வைத்தாயிற்று. சட்டென்று பக்கத்தில் நாற்காலி நகருகிற சத்தம். திரும்பினால் சங்கரி. தானாக எழுந்து வந்திருக்கிறாள். தலை வாராமல், பெனட்டின் பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது, இடுக்கியைத் தேடினேன்.

"டிஷ்யூ பேப்பர்ல எடுத்து வையும்மா. எண்ணெய் இறங்கிரும்."

"கொழகொழன்னு இருக்கேளா. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"ஆறினாத்தான் மொறுகும்."

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவள் சொன்னது சரிதான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைத்தது. தட்டை அவள் முன்னால் நகர்த்திவிட்டு, கண் பட்டுவிடும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கறுக்கென்று சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம். விழுங்குகிற சத்தம். இன்னொரு கறுக். என் முதுகிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உப்பா இருக்கா என்று கேட்டேன், திரும்பாமல். "நல்லாருக்கும்மா" என்றாள். மூன்றாவது துண்டை எடுத்தாள், கடிக்கவில்லை போல, சத்தம் வரவில்லை.

"அம்மா. நீ பாத்தல்லா?"

எதை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. திரும்பி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாத்தேன்."

"கையில வாங்கினியா?"

"வாங்கினேன்."

துண்டைத் தட்டில் வைத்துவிட்டு விரலை ஸ்வெட்டரில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "யாரு மாதிரி இருந்தா?"

இத்தனை நாள் வாய் வருமா வருமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்தது, சாதாரணமாக வந்தது, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிற மாதிரி. "உன்னை மாதிரித்தான். நெத்தியும் வாயும் அப்படியே நீதான். மூக்கு மட்டும் பெனட்டுக்கு" என்றேன். "தலை நெறைய முடிளா. ஈரமா நெத்தி வரைக்கும் வந்து கெடந்துது. நான்தான் ஒதுக்கிவிட்டேன்."

"முடியா?"

"ஆமா. கருகருன்னு. வலது காது மேல கொஞ்சம் மடங்கியிருந்துது. நீயும் பொறந்தப்ப அப்படித்தான், நான்தான் எண்ணெய் போட்டு நீவி நீவி விட்டேன்."

தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது. "விரல் எல்லாம் நீளம். நகம் வளந்திருந்துது. வெட்டணும் போல இருந்துது."

அதற்குத்தான் அழுதாள். அந்த நகத்துக்கு. ஆஸ்பத்திரியிலும் அழாதவள், பால் நனைந்த அன்றைக்கும் அழாதவள், மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள், அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம், தையல் வலிக்கும், வலிக்கட்டும், அழாதேம்மா என்று நான் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டேன். அந்தச் சின்ன வீடு முழுக்க உப்பும் புகையுமாக அந்த வாசம். ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் தூக்காமலே கேட்டாள்.

"கண்ணு?"

"மூடித்தான் இருந்துது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியாது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். கன்னத்தில் ஸ்வெட்டரின் நூல் பதிந்திருந்தது. "கனமா இருந்தாளா?"

"இருந்தா. நல்ல கனம். குடுக்க மனசில்லாம வச்சிட்டே இருந்தேன், கை வலிச்சுது."

எந்தக் கை என்று கேட்டாள். இடது கையைக் காட்டினேன். என் முழங்கையின் மடிப்பில், பிள்ளையின் தலை இருந்த இடத்தில், தன் கையை வைத்து மூடிக்கொண்டாள்.